பின் அச்சுக்கு மேல் என் இடம்

பொய்ப்பல்லைச் சரிசெய்யப் போன இடத்தில், வாசலில் நின்ற லாரியின் கிரீஸ் வாடை, திருத்தங்கல் சாலையில் இப்போது கல்யாண மண்டபமாகிவிட்ட அப்பாவின் பட்டறைக்கு என்னை இழுத்துப் போனது. பட்டாசு சீசனில் கூடுதல் லோடு ஏற்ற, லாரிகளின் பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு இரும்புப் பட்டை சேர்த்துக் கட்டிவிட்டு, அப்பா காட்டுப்பாதையில் ஓட்டிப் பார்ப்பார். பின் அச்சுக்கு மேல் உட்கார்ந்து சத்தம் கேட்டுச் சொல்வது என் வேலை. காலி வண்டி, விறைத்த ஸ்பிரிங். வகுப்பிலேயே குண்டனான நான் வறுசட்டிக் கடலையாகத் துள்ளுவேன். என்றாவது முதுகில் தட்டிக்கொடுப்பார் என்றுதான் ஏறினேன். ஒருநாள் துள்ளி விழுந்ததில் முன்பற்கள் இரண்டும் போயின.

"பல்ல அப்புறம் தேடுலே. பட்டை ஒடைஞ்சிருக்கானு பாரு."

ரத்தத்தை விழுங்கிக்கொண்டு அடியில் ஊர்ந்து பார்த்தேன்.

"ஒடையலப்பா."

அப்பா முகம் மலர்ந்து தட்டிக்கொடுத்தார், லாரியை.