தலைகீழாகப் பார்த்த தாங்கல்

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்கு ஒரு பெண் வந்தாள். வேலைக்குப் புதிது, சங்கரன்கோவில் பக்கமாம். ஒரகடத்தில் தனக்கு ஒதுக்கியிருக்கும் ஹாஸ்டலைப் போனில் சேட்டிலைட் படமாகக் காட்டி, "எக்கா, மழைக்கு இங்கன தண்ணி நிக்குமா?" என்று கேட்டாள். இந்தப் பக்கம் தங்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதுதான். நான் போனை வாங்கித் தலைகீழாகத் திருப்பினேன். படம் தானாக நிமிர்ந்துகொண்டது. மறுபடி திருப்பினேன், மறுபடி நிமிர்ந்தது. அவள் என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தாள்.

பழக்க தோஷம். இப்போது ஸ்டோர்ஸில் குப்பை கொட்டுகிறேனே தவிர, என் முதல் வேலை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்ன சர்வே ஆபீஸில். கட்டடம் வரப்போகிற இடத்தில் எது மேடு, எது பள்ளம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று படத்தைப் பார்த்துக் குறித்துக் கொடுக்க வேண்டும். பீரோ நிறையத் துணி ஒட்டிய பழைய டோப்போ ஷீட்டுகள், அதாவது மேடு, பள்ளம், ஏரி எல்லாம் குறித்த சர்வே வரைபடங்கள். திறந்தால் பசையும் அந்துருண்டையும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் ஜவுளிக்கடையில் அந்துருண்டை வாசனை வந்தால் எனக்குப் புடவை ஞாபகம் வராது, ஏரிகள்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள்.

சேட்டிலைட் படத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. காலை வெயிலில் எடுப்பதால் நிழல் படத்தின் மேல்பக்கமாக விழுந்திருக்கும். வெளிச்சம் மேலேயிருந்து வந்தே பழகிய நம் கண்ணுக்கு அதில் மேடு குழியாகவும் குழி மேடாகவும் தெரியும். தலைகீழாகத் திருப்பினால் சரியாகிவிடும். அதனால் எங்கள் ஆபீஸில் யார் கையில் படம் வந்தாலும் முதலில் திருப்பிவிட்டுத்தான் உட்காருவோம்.

எனக்கு மூன்று மாதம் டிரெய்னிங் என்று சொல்லியிருந்தார்கள். தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் சொந்த ஊரான கோவில்பட்டிக்கு பஸ் ஏற வேண்டியதுதான். கடைசி வாரத்தில் ஒரகடத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்கு இடம் பார்க்கும் வேலை வந்தது. படத்தைத் திருப்பினேன், பார்த்தேன், ஐந்தே நிமிஷத்தில் குறித்தேன். வளைந்து போகிற ஒரு கால்வாய், அதை ஒட்டி நல்ல மேடு, மேற்கே பள்ளம். ஹாஸ்டல் மேட்டில். டோப்போ ஷீட்டை எடுத்துச் சரிபார்க்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரத்தனம்.

ரிப்போர்ட் போவதற்கு முதல் நாள், கூட வேலை பார்த்த மெர்சியோடு அவள் மொபெட்டில் இடத்தைப் பார்க்கப் போனேன். மெர்சி பென்னலூர்க்காரி, படங்களை அச்செடுத்து அட்டையில் ஒட்டுவது அவள் வேலை. கால்வாய் இருக்க வேண்டிய இடத்துக்கு வந்தோம். இறங்க வேண்டிய இடத்தில் நான் ஏறிக்கொண்டிருந்தேன். மேலே ஏறி நின்று பார்த்தால் அது கால்வாய் இல்லை, கரை. கீழே நான் மேடு என்று எழுதிய இடம் வெடித்துக் கிடந்த களிமண், நத்தை ஓடுகள். வற்றிப்போன தாங்கல். சின்ன ஏரியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு நடுவில்தான் ஹாஸ்டலை வைத்திருந்தேன்.

மெர்சி அட்டையைப் பிடுங்கிப் பார்த்தாள். "இன்னாடி, எத்த திருப்பி வெச்சிக்கினு பாத்த? உனக்கு வசதியா இருக்கட்டும்னு நான்தான் ஏற்கெனவே திருப்பி ஒட்டிட்டனே!"

எனக்கு அழுகை வந்தது. ஊருக்குப் போய் என்ன சொல்வது என்று மட்டும்தான் ஓடியது. "யாருக்கும் தெரியாது, வா போவலாம்" என்று மெர்சி சொல்லியிருந்தால் அன்றைக்குச் சரி என்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. "எத்தினி பொண்ணுங்க தூங்கற எடம்டி. வா, சேர்ந்தே போய் திட்டு வாங்கலாம்" என்றாள்.

வாங்கினோம். மேனேஜர் அரைமணி நேரம் திட்டிவிட்டு, "நாளைக்கு நீயே வந்து ஹாஸ்டல் கட்டற கம்பெனிக்காரங்ககிட்ட சொல்லு" என்றார். சொன்னேன். ஹாஸ்டல் மேற்கே, நான் பள்ளம் என்று எழுதியிருந்த கல்லாங்குத்து மேட்டுக்குப் போனது. எனக்கு டிரெய்னிங் இன்னொரு மூன்று மாதம் நீண்டது. அந்த மூன்று மாதமும் மெர்சி ஒவ்வொரு அட்டையிலும் பெரிதாக 'திருப்பாதே' என்று எழுதித்தான் கொடுத்தாள்.

"தண்ணி நிக்காது, தைரியமா போ," என்றேன் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம்.

"படத்தப் பாத்தே எப்படிக்கா சொல்லுதீக?"

"படத்தப் பாத்து சொல்லலம்மா. அங்க ஏறி நின்னு பாத்திருக்கேன்."

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினாள். கரையைக் காணோம், அது ரோடாகிவிட்டது. தாங்கல் மேல் நீலக் கூரை போட்ட கிடங்குகள். எந்தப் பக்கம் திருப்பினாலும் எல்லாம் ஒரே மட்டமாகத்தான் தெரிகிறது. எங்கள் ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது பிரியாணிக் கடை. மெர்சி மறைமலை நகரில் இருக்கிறாள், பேரப்பிள்ளை படத்தைப் போனில் அனுப்பும்போது கூட அதே 'திருப்பாதே'யை எழுதுகிறாள்.

ஹாஸ்டல் நிறுத்தம் வந்தது. அந்தப் பெண் பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். கேட்டிலிருந்து வாசலுக்குப் போகிற பாதையில் லேசாக ஒரு ஏற்றம். பையின் கனத்துக்குக் கொஞ்சம் முன்னால் குனிந்து நடந்தாள். அந்த மேட்டில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.