வியாழக்கிழமைக்கான தாள்

புது வருடம் பிறந்தால் எங்கள் வீட்டுக்கு நாலைந்து தினசரி காலண்டர்கள் வந்துவிடும். மளிகைக் கடை, நகைக் கடை, கேஸ் ஏஜென்சி என்று ஆளுக்கொன்று கொடுப்பார்கள். ஒன்றை மாட்டிவிட்டு மற்றதையெல்லாம் பீரோவுக்குப் பின்னால் சொருகிவிடுவோம். மகள் பிளஸ் ஒன் சேர்ந்த ஜூன் மாதத்தில், சொருகியதில் ஒன்றை உருவி, போன மாதங்களைக் கொத்தாகக் கிழித்துப் போட்டு, ஹாலில் பக்கத்திலேயே இன்னொரு ஆணி அடித்து மாட்டினேன். யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் திடீரென்று வேகம்.

கணபதி ஏரியாப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் அசெம்பிளி வேலை எனக்கு. இப்போது எங்கள் ஷெட்டில் பாதிப் பேர் பீகார்க்காரர்கள், ஒடிசாக்காரர்கள். அடுத்த சூப்பர்வைசருக்கு இந்தி தெரிந்திருக்க வேண்டும் என்று மேனேஜர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நானும் போனில் இந்தி வீடியோ தேடப் போய், நல்ல பழக்கங்களை வளர்ப்பது எப்படி என்று பேசுகிறவர்களிடம் மாட்டிக்கொண்டேன். அதிகாலையில் எழுவது எப்படி, ஒரு நாளும் விடாமல் படிப்பது எப்படி என்று பார்த்துத் தள்ளினேன். பார்த்து முடித்தாலே பாதி படித்துவிட்ட மாதிரி ஒரு தெம்பு வரும்.

அந்தத் தெம்பில் ஒரு சட்டம் போட்டேன். எனக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு காலண்டர். சாயங்காலம் படித்ததும் அன்றைய தாளின் பின்பக்கம் 'இன்று கற்றது' என்று எழுதி ஏதாவது ஒன்றைக் குறித்து வைக்க வேண்டும். காலையில் தாள் கிழிப்பது எங்கள் வீட்டில் எப்போதும் மகளின் வேலை. இரண்டு தாளையும் அவள் கிழித்து முறுக்கு டின்னில் போட வேண்டும். மாதக் கடைசியில் டின்னைத் திறந்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்க வேண்டும். கேள்வி கேட்கிற அந்த வேலையை ஒரு மாதம்கூட நான் செய்யவில்லை. தாள்களை விசிறி மாதிரி விரித்து, பின்பக்கத்தில் எழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததில்லை.

முதல் மூன்று வாரம் ஒழுங்காகத்தான் படித்தேன். பானி என்றால் தண்ணீர், சாபி என்றால் நம் சாவிதான் என்று கண்டுபிடித்த நாளில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அப்புறம் ஷிப்ட் மாறியது. வீட்டுக்கு வந்தால் உடம்பு முறிந்துபோகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி மேஜையில் வைத்து, தாள் தாளாகத் தூக்கி, அன்றைக்கும் திங்கள் முதல் சனி வரை ஆறு நாளுக்கும் எழுதி முடித்துவிட்டேன். நேரம் மிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாரம் முழுக்கச் சேர்த்துப் படித்துவிடலாம் என்ற எண்ணம் இருந்தது உண்மைதான். படிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதேபோல் எழுதினேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. வீடியோக்காரர்கள் சொன்னது சரிதான், பழக்கம் பிடித்துவிட்டால் விடாது.

மகள் பள்ளி வாலிபால் டீமில் இருந்தாள். ஜோனல் மேட்ச் நெருங்கியதால் சாயங்காலம் பிராக்டிஸ் முடிந்து வர ஏழு மணியாகும். செப்டம்பர் மாதத் தாள்களை விரித்தபோது அவளுடையதில் நாலு தாள் வெறுமையாக இருந்தன. எனக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ.

"நாலு நாள், அம்மணி! நாலு நாள் ஒண்ணுமே படிக்கலியா நீயி?"

"தூங்கிப்போட்டனுங்கப்பா. படிக்காம எப்படி எழுதறதுன்னு உட்டுட்டேன்."

நியாயமான பதில். இன்றைக்கு நினைத்தால் அந்த வீட்டிலேயே சட்டத்தை மதித்தவள் அவள் ஒருத்திதான். நான் என்ன செய்தேன் என்றால், என்னுடைய முப்பது தாள்களையும் சீட்டுக் கட்டு மாதிரி மேஜையில் பரப்பினேன்.

"நானும் வேலைக்குப் போயிட்டுத்தான் வாரேன். கைகால் அசந்துதான் வாரேன். இதுல ஒரு தாளு காலியா இருந்தாக் காட்டு பாக்கலாம்!"

அவள் தாள்களைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு குரலை இன்னும் ஏற்றினேன். அடுக்களையிலிருந்து மனைவி வந்தாள்.

"புள்ளைய உடுங்க. வெளையாண்டுட்டு வர்றவ அசந்துதானுங்க போவா."

"அப்ப வெளையாட்டே வேண்டாம்" என்றேன்.

மறுநாள் பள்ளிக்கு நானே போய், மகள் இனி வாலிபாலுக்கு வரமாட்டாள் என்று பி.இ.டி. டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தேன். யோசித்துப் பாருங்கள் என்று அவர் மூன்று முறை சொன்னார். படிப்பு முக்கியமுங்க மேடம் என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். டீமில் அவள் இடத்துக்கு வேறொரு பெண்ணை எடுத்தார்கள். மகள் அழவில்லை. அதன்பிறகு அவளுடைய தாள் ஒன்றுகூட வெறுமையாக இல்லை. என் கண்டிப்பு வேலை செய்கிறது என்று ஷெட்டில்கூடப் பெருமை அடித்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு முறுக்கு சுட வேண்டும், டின்னைக் காலி பண்ணிக் கொடுங்கள் என்று மனைவி கேட்டபோதுதான் தரையில் உட்கார்ந்து தாள்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்தேன். ரப்பர் பேண்டு போடுவதற்காக அடுக்கும்போது கண்ணில் பட்டதைப் படித்தேன். என்னுடையதில் பானி என்றால் தண்ணீர் என்பதை மட்டும் ஏழு தடவை கற்றிருந்தேன். மகளுடையது அப்படியில்லை. அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும் என்று ஒரு நாள். சர்வீஸ் போடும்போது எதிரில் நிற்கிறவர்களைப் பார்க்காமல் பந்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள். படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் செப்டம்பர் மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமைத் தாள் வந்தது. நான் அவளைத் திட்டியதற்கு இரண்டு வாரம் முந்தைய தாள்.

'இன்று கற்றது: அம்மா அமாவாசை என்றைக்கு என்று கேட்டார்கள். அப்பா காலண்டரைத் தூக்கிப் பார்த்தேன். வியாழக்கிழமைக்கு அப்பா இன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார். யாரிடமும் சொல்லக் கூடாது.'

முப்பது தாளைப் பரப்பிக் காலியாக இருந்தால் காட்டு என்று நான் கத்தியபோது அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஆட்டம் அவளிடமே இருந்திருக்கும். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. நாற்பத்தெட்டு வயதில் அப்படி ஒரு கூச்சம் அதற்கு முன் பட்டதில்லை.

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மகளிடம் போய்த் தாளை நீட்டினேன்.

"ஏன் கண்ணு, அன்னைக்கே சொல்லிப்போட்டிருக்கலாமல்ல?"

அவள் தாளைப் பார்த்துவிட்டுத் துணியை மடித்தாள்.

"அம்மா பக்கத்துல இருந்தாங்கப்பா. உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிருமுங்க."

மன்னிச்சுக்க கண்ணு என்று சொன்னேன். பரவாயில்லீங்கப்பா என்று உடனே சொல்லிவிட்டாள், அது இன்னும் மோசமாக இருந்தது. லீவு முடிந்ததும் பள்ளிக்கு ஓடினேன். மேட்செல்லாம் முடிந்துவிட்டது, பிளஸ் டூ வந்தால் யாரையும் விளையாட அனுப்புவதில்லை என்றார் பி.இ.டி. டீச்சர்.

சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போனது. அவர் பீகார்க்காரர்களோடு டீ குடித்துக் குடித்தே இந்தி கற்றுக்கொண்டவர்.

இந்த வருடமும் இரண்டு காலண்டர் மாட்டியிருக்கிறோம். படித்த நாளில் எழுதுகிறேன், படிக்காத நாளில் விட்டுவிடுகிறேன். வெறும் தாள்தான் அதிகம். போன வாரம் மனைவி கார்த்திகை என்றைக்கு என்று கேட்டாள். மகளுடைய காலண்டரில் அச்சு எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். மகள் என் காலண்டர் அருகில் போய், தாளைத் தொடாமல் நின்று, என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, தூக்கிப் பாக்கட்டுங்களா?"

பாரு கண்ணு என்றேன். ஒவ்வொரு தாளாகத் தூக்கினாள், பின்பக்கம் கண் போகாமல் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டு.