நாலாவது மூலை

குதிகாலால் தரையை மூன்று தரம் இடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜாக்கிக்காரர் எங்கேயும் உட்காருவார். ஆலயத்துப் பெஞ்சானாலும் சரி, சம்பந்தி வீட்டு சோபாவானாலும் சரி. அவர் இடிக்கிற சத்தத்தில் பிரசங்கமே ஒரு நொடி நின்றுபோன ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. "மனுசன் பொய் சொன்னா முகத்துல தெரியும். தரை பொய் சொன்னா கால் போன பிறகுதான் தெரியும்" என்பார். முப்பது வருடங்களுக்கு முன் ஈரத்தரையில் ஜாக்கி புதைந்து, தூக்கி நிறுத்திய லாரி இறங்கியபோது அவருடைய இடதுகாலில் இரண்டு விரல்கள் போயின. பார்த்தவர்கள் அதை விபத்து என்றார்கள். அவர் அதைப் படிப்பு என்கிறார்.

வேறு படிப்பு பெரிதாகக் கிடையாது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். டயர் கழுவ நுழைந்த பட்டறையையே பின்னாளில் சொந்தமாக்கிக்கொண்டவர். சும்மா சொல்லக் கூடாது, அவருடையது சாதாரணக் காது இல்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் வண்டியில் கம்ப்யூட்டரைச் செருகிவைத்துத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். இவர் போய் முன்சக்கரத்தில் ஒரு தட்டு தட்டி, "பேரிங் போயிடுச்சுப்பா. பெட்டிய மூடிட்டு வீட்டுக்குப் போங்க" என்பார். பேரிங்தான் போயிருக்கும். எப்போதாவது அது பேரிங்காக இல்லாமல் போனால், அந்தக் கதையை யாரும் அவர் வாயால் கேட்டதில்லை.

சூறாவளி வந்து கடலோரத்தில் முந்நூறு வீடுகளின் கூரையை அள்ளிக்கொண்டு போனபோது, வீடு கட்டிக் கொடுக்கச் சபையிலிருந்து பதினாறு பேர் பத்து நாளைக்குக் கிளம்பினார்கள். இவர் பெயரைக் கொடுத்தது மனைவி. "வீட்டுல உக்காந்து டிவியத் திட்டுறதுக்கு, அங்க வந்து நாலு ஆணி அடிங்க. நானும் வரேன்" என்றார். இவர் பையில் முதலில் வைத்தது பத்து டன் தூக்குகிற லாரி ஜாக்கியை. மிச்ச இடத்தில்தான் சட்டைகள்.

பஸ்ஸில் ஏறும்போது போதகர் சிரித்தார். "அண்ணே, நாம வீடு கட்டப் போறோம். பஞ்சர் ஒட்ட இல்ல."

"கட்டுறது நீங்க, தூக்குறது நான். போய்ப் பாருங்க, எது முதல்ல வேணும்னு."

தூக்குவதுதான் முதலில் வேண்டியிருந்தது. மண்ணில் இறங்கிப்போன வாசற்கால்கள், ஒரு பக்கம் சாய்ந்த உத்தரங்கள், கட்டிலின் மேல் விழுந்து கிடந்த தண்ணீர்த் தொட்டி. எட்டுப் பேர் சேர்ந்து முக்கியும் அசையாத உத்தரத்தை அவர் ஒற்றைக் கையால், கொட்டாவி விட்டுக்கொண்டே, நிமிர்த்தினார். அந்தக் கொட்டாவி வேண்டுமென்றே விட்டது என்று அவர் மனைவி எல்லாரிடமும் சொல்லிவிட்டார். நாலாம் நாளிலிருந்து ஊர்க்காரர்கள் போதகரைத் தாண்டிவந்து, "ஜாக்கிக்காரர் எங்க?" என்று கேட்டார்கள்.

ஒன்பதாம் நாள், கடைசி வீடு. ஒரே அறை, தகரக் கூரை. காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை. அடியில் புகுந்து தூக்குகிறது. அதனால் நாலு மூலையிலும் சுவருக்குள் கம்பி இறக்கி, கம்பியின் தலையைக் கூரைக்கட்டை வழியாக வெளியே எடுத்து, நட்டுப் போட்டு முறுக்க வேண்டும். எப்படி முறுக்குவது என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். சபையில் ஆர்மோனியம் வாசிக்கிற டீச்சர் அந்தத் தாளை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று மூலையை முடித்துவிட்டு நாலாவதில் நின்றார்.

"கை இறுகினதும் அரைச் சுத்து, அதோட நிறுத்துன்னு போட்டிருக்கு அண்ணே."

"தாள் எழுதினவன் என்னிக்காவது லாரிச் சக்கரம் கழட்டியிருப்பானா டீச்சர்? தள்ளுங்க."

ஏணியில் ஏறி, ஸ்பேனர் முனையில் நீளக் குழாய் ஒன்றைச் செருகி, உடம்பின் எடையெல்லாம் போட்டுத் தொங்கினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கடைசியில் உள்ளங்கைக்குள் என்னமோ மெல்ல நழுவியது. ஆடுகிற பல்லை நாக்கு தொட்டதுபோல ஒரு நழுவல். கீழே அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள். "நான் முறுக்கின நட்டு கழண்டதா இதுவரைக்கும் ஒருத்தன் வந்து சொன்னதில்ல. இனிமே புயல் வந்தா நம்மளக் கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்று இறங்கிவிட்டார்.

மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது வலது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க கையில?"

"கொப்புளம்."

மனைவி கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "கொப்புளத்தையே காணோமே."

பகல் இரண்டு மணிக்கு பஸ். அதற்குமுன் அந்த வீட்டில் ஜெபம் செய்து சாவியைக் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரி ஐஸ் கம்பெனியில் மீன் அடுக்குகிறவள். புருசன் தூரத்து ஊரில் வேலை. இரண்டு வயதுப் பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஒண்டியிருந்தவள். நாளைக்குப் பள்ளிக்கூடம் திறப்பதால் இன்று காலி செய்தாக வேண்டும். இந்த வீட்டை விட்டால் கொழுந்தன் வீட்டு வராந்தாதான் கதி. அங்கே ஒருமுறை சோற்றுக்குப் பேச்சு வாங்கிக்கொண்டு வெளியேறியவள் அவள். இருந்தும் சாவியை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா" என்றார் போதகர்.

"அன்னிக்கு நானும் இவனும் மேசைக்கு அடியில படுத்திருந்தோம்யா. முதல்ல கூரையில ஒரு ஓரம் மூச்சு விடுற மாதிரி மேல போச்சு. திரும்ப இறங்கி உக்காந்துச்சு. சரி, போகாதுன்னு நெனச்சேன். அடுத்த மூச்சுல வானம் தெரிஞ்சுது. இதுவும் பறக்காதுன்னு எனக்கு யார் சொல்றது?"

போதகர் வேதத்திலிருந்து ஒரு வசனத்துக்கு வாயெடுத்தார். ஜாக்கிக்காரர் முந்திக்கொண்டார். "யாரும் சொல்ல வேணாம். நான் காட்டுறேன்."

தரையை இடித்துப் பார்த்து, பலகை போட்டு, பலகைமேல் ஜாக்கியை வைத்தார். ஜாக்கியின் தலைக்கும் கூரைக்கட்டைக்கும் நடுவில் ஒரு முரட்டுக் கழியை நிறுத்தினார். "காத்து தூக்குற மாதிரி நான் தூக்குறேன். பாரு." ஆறு அழுத்து. கைப்பிடி இறுகி நின்றது. கூரை அசையவில்லை. இரண்டாவது மூலையும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. டீச்சர் முகத்தில் ஆர்மோனியமே ஒலித்தது.

"மூணு நின்னா நாலும் நின்ன மாதிரிதான் அண்ணே. பஸ் வந்துடும்" என்றார் போதகர்.

ஜாக்கிக்காரர் ஜாக்கியைக் கையில் தூக்கினார். பைக்குள் வைக்கலாம். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. அவள் மட்டும் அந்த நாலாவது மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் பலகையைக் காலால் அந்த மூலைக்குத் தள்ளினார்.

நாலாவது அழுத்தில் 'டக்' என்றது. சுவருக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு விரற்கடை வெளிச்சம் உள்ளே விழுந்தது. பிள்ளையைச் சேர்த்து அணைத்துக்கொண்டு அவள் தெருவுக்கே இறங்கிவிட்டாள்.

"பலகை நகர்ந்திருக்கும் அண்ணே" என்று போதகர் தப்பிக்க வழி காட்டினார். நல்ல மனுசர்.

"பலகை நகரல. இது நான் முறுக்கினது." அவர் யாரையும் பார்க்கவில்லை. "நட்டுக்குள்ள மரை தேஞ்சுபோச்சு. லாரிக்கு முறுக்குற மாதிரி முறுக்கிட்டேன். நேத்தே கைக்குத் தெரிஞ்சுது."

தெருவிலிருந்து அவள் கேட்டாள். "நேத்தே தெரியுமா?"

"தெரியும்மா."

"அப்ப இன்னிக்கு எதுக்குச் சொல்றீங்க?"

"நீ வாசல்லயே நின்னுட்டியே."

அவர் மனைவி முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினார். "முப்பத்தஞ்சு வருசத்துல இவரு வாயிலருந்து இப்படி ஒண்ணு வந்து நான் கேட்டதே இல்ல. யாராவது போய் அந்த பஸ்ஸ நிறுத்தி வையுங்க."

பழைய நட்டைக் கழற்றி எறிந்தார்கள். கம்பியின் மரை நல்ல வேளையாகச் சேதமில்லாமல் இருந்தது. புதிதாக ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு நட்டு. ஏணியில் ஏறப்போன போதகரைத் தடுத்து, ஜாக்கிக்காரர் ஸ்பேனரை டீச்சரிடம் நீட்டினார். "நீங்க ஏறுங்க டீச்சர். உங்க மூணும் நின்னுச்சு." தான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"கை இறுகிடுச்சு அண்ணே."

"தாள்ல என்ன போட்டிருக்கு?"

"அரைச் சுத்து."

"அரைச் சுத்து. நிறுத்துங்க."

மறுபடி ஜாக்கி. நாலு. ஐந்து. ஆறாவதில் கைப்பிடி இறுகியது. மற்ற மூலைகளுக்கு அதோடு விட்டவர், இதற்கு ஏழாவதும் போட்டார். கழி முனகியது. ஜாக்கிக்கு அடியில் பலகை லேசாக வளைந்தது. சுவருக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு தாளைக்கூடச் செருக முடியாது. யாரோ 'உஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டார்கள். பார்த்தால் அது போதகர்.

அவள் தெருவிலிருந்து படியேறி வந்தாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஜாக்கியை இறக்குகிறவரை காத்திருக்காமல் உள்ளே நுழைந்து, அறை நடுவில் பாயை விரித்துப் பிள்ளையைக் கிடத்தினாள். பிறகு பதினாறு பேரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். "நல்லாத் தூங்குறான். சத்தம் போட்டுடாதீங்க."

ஜாக்கியை ஒரே திருகில் படாரென்று இறக்குவதுதான் அவர் வழக்கம். அந்தச் சத்தத்துக்குப் பட்டறையே திரும்பிப் பார்க்கும். இப்போது மண்டியிட்டு, கழி சாய்ந்து விழாதபடி அதை மார்போடு அணைத்துக்கொண்டு, ஜாக்கியின் திருகை நகக்கண் அளவு தளர்த்தினார். நிறுத்திப் பிள்ளையைப் பார்த்தார். மறுபடி நகக்கண் அளவு.