கல்யாணப் புடவைப் பெட்டிக்குள் ஒரு நாவல்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லித் தட்டு கழுவிக்கொண்டிருந்தபோது போன் இரண்டு தரம் முனகியது. என் மகள் என்னை ஒரு வாசகர் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறாள். "எப்பப் பாரு கதைப் புக்கும் கையுமா தனியா உக்காந்துக்கினு இருக்கியேம்மா, நாலு பேரோட பேசு" என்று அவளுக்குக் கரிசனம். வாரா வாரம் அங்கே ஒரே கேள்விதான். இப்போது என்ன நாவல் படிக்கிறீர்கள், மற்றவர்களுக்குச் சிபாரிசு செய்வீர்களா? எல்லோரும் டாண் என்று பதில் போட்டுவிடுகிறார்கள். நாலு நட்சத்திரம், நாலரை நட்சத்திரம். அந்த அரை நட்சத்திரத்தை எதற்காகப் பிடித்துக்கொண்டார்கள் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நானும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நாலு வரி தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். இத்தனை வயசுக்கு ஒரு கதையைப் பற்றிச் சொல்லத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். யாரிடம் சொல்வது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

மெஹருன்னிசா நட்சத்திரம் எல்லாம் கொடுக்க மாட்டாள். காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் நானும் அவளும் ஒன்றாக வேலை பார்த்தோம். எனக்கு இருபது வயசு, அவளுக்கு இரண்டு கூட. நான் ஐயம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன், அவள் ஒலிமுகமதுபேட்டையிலிருந்து நடந்தே வந்துவிடுவாள். அவளுக்கு எந்தக் கதையும் ஒரு புடவைதான். "ஒடம்பு நல்லா இருக்குதுடி, முந்தியில கோட்டை வுட்டுட்டாரு" என்றால் முடிவு சொதப்பல் என்று அர்த்தம். "பார்டர் மட்டும்தான் ஜரிகை, உள்ள ஒண்ணுமில்ல" என்றால் முதல் அத்தியாயத்தோடு தூக்கிப்போட வேண்டிய கதை. சிபாரிசு செய்யும்போது மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். புத்தகத்தை என் கையில் திணித்து, "படி, அப்பறம் வா" என்பாள். அவ்வளவுதான்.

புத்தகங்களெல்லாம் அவள் கொண்டுவருவதுதான். அவள் அப்பா பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். எடைக்கு வரும் மாத நாவல்களை மெஹர் முதலில் பொறுக்கி எடுத்துக்கொள்வாள், மிச்சம்தான் பொட்டலம் கட்டப் போகும். பாதிப் புத்தகத்துக்குக் கடைசிப் பக்கங்கள் இருக்காது. மளிகைக் கடை வாடை வேறு அடிக்கும். ஒருமுறை ஒரு காதல் கதை பூராவும் பெருங்காய வாசனையோடு படித்தேன், அழ வேண்டிய இடத்தில் எனக்குப் பசித்தது.

இரண்டு பேர் படிப்பதற்கு ஒரு புத்தகம். அவள் ஒரு நாள், நான் ஒரு நாள். அதைப் பற்றிப் பேச நாங்கள் கண்டுபிடித்த வழிதான் வேடிக்கை. விரித்துக் காட்டிய புடவைகளை மடித்து வைப்பது எங்கள் வேலை. பட்டுப் புடவையை ஒருத்தியாக மடித்தால் கசங்கும். ஆளுக்கு ஒரு முனை பிடித்து, உதறி, எட்டி நின்று, அப்புறம் நடந்து கிட்ட வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். கிட்ட வரும்போது ஒரு வாக்கியம். பின்னால் போய்விட்டு மறுபடி வரும்போது இன்னொன்று. ஒரு புடவை மடிப்பதற்குள் மூணு வாக்கியம் பேசிவிடலாம். மேனேஜருக்கு நாங்கள் உதட்டை அசைப்பதுதான் தெரியும்.

"அவன் நல்லவனாடி?"

"பாவம்டி, சூழ்நிலை."

"இன்னா பெரிய சூழ்நிலை! நல்லவன் எதுக்கு அவ லெட்டரைக் கிழிச்சான்?"

ஜமக்காளத்தில் உட்கார்ந்து புடவை காட்டும் கண்ணன் அண்ணன் இதைக் காதில் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் நிம்மதியில்லாமல் இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "யாருமா அந்தப் பையன்? நம்ம பக்கமா? நான் வேணா ஒரு வார்த்தை பேசிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். கதை என்று சொன்னோம். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், "அப்பறம் அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு?" என்றார். அதற்கப்புறம் தினமும் டீ குடிக்கும் நேரத்தில் அவருக்கும் கதை சொல்ல வேண்டியதாயிற்று.

கடைசிப் பக்கம் இல்லாத கதைகளுக்கு ஆளுக்கொரு முடிவு சொல்வோம். நான் எப்போதும் கல்யாணம் செய்துவைத்துவிடுவேன். அவளுக்கு அது பிடிக்காது. "எல்லாருக்கும் தாலி கட்டி வுட்டுட்டு நீ கை கழுவிக்கினு போய்டுவ. அப்பறம் அவ குடும்பம் நடத்த வேணாமா?" என்பாள். நாங்கள் சண்டை போட்டுக்கொண்டது கதைகளைப் பற்றித்தான். வேறு எதற்கும் சண்டை வந்ததாக நினைவில்லை.

படிக்கும் புத்தகத்தை ஒளித்து வைக்க ஒரு இடம் வேண்டுமே. புடவை வைக்கும் அட்டைப் பெட்டிகள் எங்கள் பக்கத்தில்தான் அடுக்கியிருக்கும். காலிப் பெட்டிக்குள் அடியில் ஒரு மெல்லிய வெள்ளைக் காகிதம் விரித்திருப்பார்கள். அந்தக் காகிதத்துக்கு அடியில் புத்தகம். எப்போதும் அடுக்கில் ஆகக் கீழே இருக்கும் பெட்டி. மேலே இருப்பதிலிருந்துதான் எடுப்பார்கள், அதனால் கீழ்ப் பெட்டிக்கு ஆபத்தில்லை. இது மெஹர் போட்ட சட்டம்.

ஆவணி மாத முகூர்த்த சமயம். கடையில் நிற்க இடமில்லை. அன்று படிக்கும் முறை என்னுடையது. மெஹர் அந்தக் கதையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, "நீ மொதல்ல படி" என்று கொடுத்திருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ரகசியமாக நாலு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் குரல் கேட்டது. குனிந்து கீழ்ப் பெட்டியை இழுக்கச் சோம்பல். கைக்குக் கிடைத்த மேல் பெட்டியில், காகிதத்துக்கு அடியில் செருகிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அந்தப் பெட்டி இல்லை. மெல்லிசான புத்தகம், ஜரிகை கனத்த கூறைப் புடவைக்கு அடியில் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பேக்கிங்கில் அரக்குக் கலர் முகூர்த்தப் புடவை ஒன்றை அதில் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டார்கள்.

மெஹரிடம் சொன்னேன். சிரியோ சிரி என்று சிரித்தாள். "போவட்டும் வுடு. கல்யாணப் பொண்ணு படிச்சிட்டு முடிவு சொல்லட்டும்" என்றாள். நானும் சிரித்தேன். எனக்கு வேறொரு சந்தோஷமும் இருந்தது அப்போது. வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து நீ பில் போடற எடத்துல உக்காரும்மா என்று முதலாளி சொல்லியிருந்தார். காலை ஒன்பது மணியிலிருந்து ராத்திரி வரைக்கும் நின்றே வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் நாற்காலி என்றால் என்னவென்று தெரியும். என்னைவிட மெஹர்தான் அதிகம் குதித்தாள். "உக்காந்துக்கினே படிக்கலாம்டி!"

நாலாம் நாள் அந்த அரக்குப் புடவை வாங்கிப்போன மாப்பிள்ளை வீட்டிலிருந்து தாய்மாமன் வந்தார். கூடவே மூன்று பேர். கையில் எங்கள் கடைப் பெட்டி. நிச்சயதார்த்தத்தில் சீர்த் தட்டில் வைத்துச் சபை நடுவில் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். புடவையை எடுக்கப் பெட்டியைச் சாய்த்தபோது பெண் மடியில் புத்தகம் விழுந்திருக்கிறது. அட்டையில் வெள்ளைப் புடவை கட்டிய ஒருத்தி, நெற்றியில் பொட்டில்லாமல், அணைந்த விளக்குக்குப் பக்கத்தில். போதாதா? பெண் வீட்டார் பந்தியில் உட்காராமல் எழுந்துவிட்டார்களாம். ராத்திரி பூராவும் பேசிப் பேசித்தான் கல்யாணம் நிற்காமல் பிழைத்ததாம்.

முதலாளி புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "யாருதுமா இது?"

கேட்டது எல்லோரையும்தான். பார்த்தது மெஹரை. புத்தகம் எங்கிருந்து வருகிறது என்று கடையில் யாருக்குத் தெரியாது?

"என்னுதுதாங்க" என்றாள்.

"பேரு இன்னா?" என்று தாய்மாமன் கேட்டார்.

சொன்னாள்.

"ஓ, அப்டியா சேதி?" அவர் முதலாளி பக்கம் திரும்பினார். "இது கைமறதி இல்ல சார். வேணும்னே வெச்சிருக்கா."

"இல்லண்ணே. கைமறதிதான்" என்றாள் மெஹர். அப்போது என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தரம்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வைத்தது நான்தான் என்று சொல்லியிருந்தால் அது வெறும் கவனக்குறைவு. என் பேருக்கு யாரும் 'வேணும்னே' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நாலு திட்டு விழுந்திருக்கும், நாற்காலி போயிருக்கும். இத்தனையும் அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. கையில் ஒரு மாம்பழக் கலர் புடவை இருந்தது. குனிந்து அதன் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன். அந்தப் புடவையில் ஒரு சுருக்கமும் இல்லை. சீ, என்ன பிறவி நான்!

"நாளையிலேர்ந்து வராதம்மா" என்று முதலாளி சொன்னார். நல்ல மனுஷர்தான். மெஹர் மேல் பிரியம் உள்ளவர்தான். ஆனாலும் சொன்னார். அவள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, மத்தியான வெயிலில் போனாள். கண்ணன் அண்ணன் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாளும் கதை கேட்கவில்லை.

ஒன்றாம் தேதி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று தினமும் நினைப்பேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, அப்புறம் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். சுற்றிக்கொண்டு போவேன். ஒரு மாசம் கழித்து, கடையில் சாமி படத்துக்குப் பூக் கொடுக்கும் அம்மா ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். "ஒலிமுகமதுபேட்டைப் பொண்ணு குடுத்துச்சு." பேப்பர் சுற்றி, நூல் கட்டி, தொட்டுப் பார்த்தால் புத்தகம். உள்ளே கடிதம் இருப்பது மாதிரி ஒரு மடிப்பும் தட்டுப்பட்டது. திட்டி எழுதியிருப்பாள், வேறென்ன? நியாயம்தானே. பிரிக்கப் பயந்து பில் மேஜையின் கீழ் டிராயரில் உள்ளே தள்ளினேன். அடுத்த மாசம் ஒன்று வந்தது. இரண்டு மாசம் கழித்து இன்னொன்று. மூன்றையும் பிரிக்கவில்லை. நாலாவது வரவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, சின்ன காஞ்சிபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, பேறுகாலத்துக்கு லீவில் போனேன். திரும்பி வந்தபோது கடையை இடித்துக் கண்ணாடி வைத்துக் கட்டியிருந்தார்கள். பழைய மேஜைகளைச் சாமான்களோடு யாரோ அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். உண்மையைச் சொல்லட்டுமா? அன்றைக்கு எனக்கு ஒரு நிம்மதி வந்தது.

போன வருஷம் கண் ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க ஐயம்பேட்டை அக்காதானே? நான் ஷமீம். மெஹர் ஆபாவோட தங்கச்சி."

மெஹர் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"ஆபா மௌத்தாயி மூணு வருஷம் ஆவுதுக்கா. ஆம்பூர்ல கட்டிக் குடுத்திருந்தோம். கிட்னி போயி, காப்பாத்த முடியல."

கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். எதிரில் எல்லாம் மங்கல். அது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. "அந்தப் புக்க பெட்டியில வெச்சது நான்தாம்மா" என்றேன். இருபது வருஷத்துக்கு மேல் தொண்டையில் இருந்தது, சொல்ல வேண்டியவளிடம் சொல்லாமல் அவள் தங்கையிடம் போய் வந்தது.

"தெரியும்கா. அன்னிக்கே வூட்ல சொல்லிட்டா. எங்கம்மாவுக்கு உங்க மேல பயங்கர கோவம். ஆபாவுக்கும் வருத்தம்தான். ரெண்டு நாள் சாப்புடல. அப்பறம் அவளேதான் சொன்னா. அவ பேசலன்னு வருத்தம் இருக்குது, ஆனா கதையப் பத்திப் பேச அவள வுட்டா எனக்கு யாரு இருக்காங்கன்னு."

கையிலிருந்த சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"மூணு புக்கு குடுத்தனுப்பிச்சாளே. ஒண்ணுக்காவது நீங்க எழுதி அனுப்புவீங்கன்னு பூக்காரம்மா வர நேரத்துக்கு வாசல்ல வந்து நிப்பா."

"லெட்டர்ல இன்னாம்மா எழுதியிருந்தா?"

ஷமீம் என்னை விநோதமாகப் பார்த்திருக்க வேண்டும். "ஏங்க்கா, நீங்க படிக்கலியா? கதையப் பத்திதான். வேற இன்னா எழுதுவா? நாலு பக்கம், அஞ்சு பக்கம் எழுதுவா. எங்கிட்டகூட படிச்சுக் காட்டினா. நான் அப்ப சின்னவ, கவனிக்கல."

அதற்குள் என் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போய்விட்டு வந்து பார்த்தேன், ஷமீம் போய்விட்டிருந்தாள்.

மெஹர் அப்பாவின் பேப்பர் கடை இருந்த இடத்தில் இப்போது போனுக்கு உறை விற்கிறார்கள். கண்ணன் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மூன்று பொட்டலங்கள் எங்கே அரைபட்டுக் கூழாகினவோ. அவற்றில் என்னென்ன கதைகள் இருந்தன என்று எனக்குத் தெரியாது. எந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேசினாள், எந்த ஆளைத் திட்டினாள், எங்கே என்னோடு சண்டைக்கு வந்தாள், ஒன்றும் தெரியாது. திட்டு இருக்கும் என்று பயந்து நான் பிரிக்காமல் வைத்த பக்கங்கள் பூராவும் அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.