கார்லுக்குப் பேச்சுத் துணை

அமலதாஸ் மைசூரில் ஒரு பட்டு ஆலையில் தறி ஓட்டினார். அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசிக் கேட்டவர்கள் குறைவு. தறிகள் ஓடத் தொடங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் அங்கே காதில் விழாது. இழை அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரி போலக் காட்டுவார்கள். டீக்குக் கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்ப்பார்கள். ஷிப்டு முடிந்து வெளியே வந்த பிறகும் அந்த இரைச்சல் அவர் காதுக்குள் தூரத்து மழை போலப் பெய்துகொண்டே இருக்கும். அந்த மழைக்குள் தனியாக, ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடு வருவார்.

வீட்டில் அவரைப் போலவே இன்னொருவன் இருந்தான், மகன் கார்ல். இரண்டு வயது தாண்டியும் ஒரு சொல் வரவில்லை. அலமாரியைப் பார்த்தால் பந்து வேண்டும், வாசலைப் பார்த்தால் ஸ்கூட்டரில் ஒரு சுற்று, கண்ணைக் கசக்கினால் தோளில் சாய வேண்டும். எல்லாம் அப்பாவுக்குப் புரிந்துவிடும். மாலை வெயில் தரையில் நகர நகர, இருவரும் சத்தமே இல்லாமல் விளையாடிக்கொண்டிருப்பார்கள். அமலதாஸுக்கு இதைவிட வேறு சொர்க்கம் தேவைப்படவில்லை.

அவர் மனைவி ஜெசிந்தாவுக்கு அப்படி இல்லை. மருத்துவமனையில் நர்ஸாக இருப்பவள். குழந்தைகள் எந்த வயதில் என்ன செய்யும் என்று தெரிந்தவள்.

"ஏங்க, இவன் அம்மான்னுகூட இன்னும் சொல்லல."

"பசங்க லேட்டாத்தான் பேசும் ஜெசி. நானும் அப்டித்தானாம்."

"நீங்க இன்னும் பேச ஆரம்பிக்கலயே" என்றாள். சிரிக்கத்தான் நினைத்தாள். அழுகை வந்துவிட்டது.

அந்த வாரமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்கள். முதலில் காதைச் சோதித்தார்கள், கேட்பதில் குறையில்லை. பிள்ளை வெளுத்திருப்பதைப் பார்த்து, சுவரைச் சுரண்டி வாயில் போடுவதையும் கேட்டறிந்த டாக்டர் ரத்தம் பார்க்கச் சொன்னார். இரும்புச்சத்து ரொம்பக் குறைவு. சொட்டு மருந்து எழுதினார். ஆன்லைனில் மூளைக்கென்று ஒரு சத்துப் பவுடர் விற்கிறதாமே, பிள்ளைகள் மடமடவென்று பேசுமாமே என்று ஜெசிந்தா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அது வேணாம்மா. இந்தச் சொட்டும் பேச வைக்கிற மருந்து இல்ல. உடம்பு தெம்பா இருந்தா பிள்ள நல்லா கவனிப்பான், கத்துப்பான், அவ்ளோதான். முட்டை, கீரை, ராகி குடுங்க."

அங்கேயே பேச்சுப் பயிற்சி தந்த ஸ்ரீதேவி, அப்பாவும் பிள்ளையும் தரையில் உட்கார்ந்து விளையாடுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உங்களால இப்டி ஆச்சுன்னு நான் சொல்லல சார். ஆனா அவன் கேக்கறதுக்கு முன்னாடியே நீங்க குடுத்துடறீங்க. கொஞ்சம் காத்திருங்க. அவன்கூட பேசிட்டே இருங்க."

"என்ன பேசறது மேடம்?"

"கண்ணுக்கு என்ன தெரியுதோ அத. எந்த பாஷை உங்களுக்குத் தானா வருதோ, அதுல."

காத்திருப்பதுதான் கொடுமையாக இருந்தது. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு "பந்து" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். தன் மனதையெல்லாம் தெரிந்துவைத்திருந்த அப்பாவுக்கு இன்று என்ன ஆயிற்று என்பது போல அவன் பார்ப்பான், உதடு பிதுங்கும். பல நாள் அவர் அந்த முகத்தைத் தாங்க முடியாமல் தோற்றுப்போனார்.

பேசுவதற்கு அவர் ஓர் இடம் கண்டுபிடித்தார். விடிந்ததும் பிள்ளையைக் குக்கரஹள்ளி ஏரிக்கு அழைத்துப் போனார். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி பனி கிடக்கும். நடைக்கு வந்தவர்கள் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள் போவார்கள். யாரும் கேட்காத அந்த வெண்மைக்குள் அமலதாஸ் கூச்சத்தோடு வாய் திறந்தார்.

"தண்ணி. குளிர்ந்த தண்ணி. அதோ பறவை, பெரிய பறவை... வாய்க்குக் கீழ பை வச்சிருக்கு பாரு."

சொல்லச் சொல்ல அவருக்கே அவையெல்லாம் அப்போதுதான் முளைப்பது போலிருந்தது. மரம் என்றதும் பனியிலிருந்து ஒரு மரம் வந்தது. கார்ல் அவர் தாடையில் கைவைத்து, சொல் எங்கிருந்து வருகிறது என்று தடவிப் பார்ப்பான். வீட்டிலும் பேச்சு தொற்றிக்கொண்டது. வெங்காயம் உரிக்கும்போது வெங்காயத்தைப் பற்றிப் பேசினார். ஜெசிந்தா அடுப்படியில் நின்றபடி, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்காத கணவனின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாதங்கள் போயின. பிள்ளையின் வெளுத்த முகத்தில் ரத்தக்களை வந்தது. சுவர் சுரண்டுவது நின்றது. சொல் மட்டும் வரவில்லை.

ஒரு காலை ஜெசிந்தா சொட்டு மருந்தை வாயருகே கொண்டுபோனாள். துரு வாடை அடிக்கும் அந்த மருந்து அவனுக்கு ஆகாது. முகத்தைத் திருப்பினான். கையைத் தள்ளினான். பிறகு தெளிவாக, "பேடா" என்றான்.

கன்னடத்தில் வேண்டாம் என்று அர்த்தம். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு மல்லம்மாவின் சொல். அவளும் அப்போது வாசலில்தான் நின்றாள். "மாத்தாட்து! நம்ம மரி மாத்தாட்து!" என்று, நம்ம குட்டி பேசிவிட்டது என்று கன்னடத்தில் கூவிக் கைதட்டினாள்.

ஜெசிந்தாவின் கை அந்தரத்தில் நின்றது. "இப்ப என்னங்க செய்றது? மருந்த நிறுத்த முடியாதே!"

"எடுத்துடு ஜெசி. வாயத் தொறந்து சொல்லிட்டான். சொன்னா நடக்கும்னு அவனுக்குத் தெரியட்டும். மருந்த அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் கையை எடுத்தாள். தன் வாயிலிருந்து போன ஒன்று அம்மாவின் கையையே நகர்த்திவிட்டதைக் கண்டு கார்ல் திகைத்தான். அன்று முழுவதும் சட்டைக்கு பேடா, குளியலுக்கு பேடா, தட்டிலிருந்த முட்டைக்கும் பேடா. வீடே அவன் ஆணைக்குக் கட்டுப்பட்டுச் சிரித்தது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு, அன்றிலிருந்து ஜெசிந்தா மருந்தை ஆரஞ்சுச் சாற்றில் கலந்து கொடுத்தாள்.

அம்மா என்ற சொல் வர இன்னும் வெகுநாள் ஆயிற்று. வந்தபோது ஜெசிந்தா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையெல்லாம் மறுபடி விரித்துப்போட்டு அந்தத் துணியில் முகம் புதைத்துக்கொண்டாள். பயிற்சி தொடர்ந்தது. இன்றும் சில எழுத்துகள் அவன் நாக்கில் வழுக்குகின்றன. தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பான். இப்போது பள்ளிக்குப் போகிறான்.

போன ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு, மழை பிடித்துக்கொண்டது. கார்ல் அப்பாவின் கைமேல் தலைவைத்துத் தூங்கிப்போனான். தூக்கத்தில் ஏதோ முணுமுணுத்தான். யாரிடமோ கேள்வி கேட்டான், பதில் கிடைத்தது போலச் சிரித்தான். அமலதாஸ் குனிந்து கேட்டார். ஒன்றும் விளங்கவில்லை. மரத்துப்போன கையை எடுக்காமல், அவன் பேசி முடிக்கட்டும் என்று அப்படியே படுத்திருந்தார்.