அண்ணனுக்காகத் திறந்து வைத்த நாவல்

கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே அவள் பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்து படித்தாள். ஆய்வேடாகக் கொடுத்தது ஒரு நாவல். அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டுப் போன அண்ணனின் கதை. போனவன் உயிரோடு இருக்கிறானா என்பதுகூட யாருக்கும் தெரியாது.

"இணையத்துல எல்லாரும் படிக்கிற மாதிரி போடலாமா, இல்ல மூடி வைக்கலாமா?" என்று கேட்டார் ஆய்வேட்டை வாங்கிக்கொண்ட பல்கலைக்கழக நூலகர். "பின்னாடி புத்தகமா போடுற எண்ணம் இருந்தா மூடி வைக்கிறது நல்லதும்மா."

"திறந்தே இருக்கட்டும் சார்."

புத்தக ஆசை அப்போது அவளுக்கு இல்லை. அண்ணன் எங்கேயாவது உட்கார்ந்து இணையத்தில் தங்கள் பழைய தெருப்பெயரைத் தேடினால் இது கண்ணில் பட வேண்டும். அதற்காகவே தெருப்பெயரை மாற்றாமல் எழுதியிருந்தாள்.

அவளுடைய பேராசிரியை நாவலை ஒரு பதிப்பாளருக்கு அனுப்பினார். பதிப்பாளரே அவளைக் கூப்பிட்டுப் பேசினார். "கீழ வைக்கவே முடியலம்மா. நாங்க போடுறோம்." அன்றே அம்மாவிடம் சொன்னாள்.

அடுத்த வாரம் அதே பதிப்பாளரின் குரல் மாறியிருந்தது. "சும்மாவே கிடைக்குதாமே? அப்புறம் யாரு காசு குடுத்து வாங்குவாங்க? முதல்ல அதை எடுக்கச் சொல்லுங்க."

"அவன் தேடுனா என்னம்மா பண்றது?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"தேடுறவன் இத்தனை வருஷமா தேடாமலா இருப்பான்? புத்தகமா வந்தா கடையிலயாவது பார்ப்பான். எடுத்துடு."

அவள் கேட்டபடி நூலகர் மூடினார். "இதுவரைக்கும் யாராவது படிச்சாங்களா சார்?" என்றாள். அவர் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "சொல்லிக்கிற மாதிரி இல்லம்மா. உங்க வகுப்புக்காரங்க, தேர்வாளருங்க... அவ்வளவுதான்."

மூடியும் பயனில்லை. ஏதோ ஒரு திருட்டுத் தளம் நாவலை முன்பே நகலெடுத்திருந்தது. பதிப்பாளர் கையை விரித்துவிட்டார். "வேற நாவல் இருந்தா குடுங்கம்மா, கண்ணை மூடிக்கிட்டுப் போடுறேன்."

வேறு நாவலுக்கு அவள் எங்கே போவாள்? அவளுக்கு இருந்தது ஒரே அண்ணன்.

திரும்பத் திறக்கச் சொல்லி நூலகத்துக்கு ஓடினாள். "ஒரு தடவை மூடிட்டா அஞ்சு வருஷம் தொட முடியாதும்மா. எழுதுனது நீங்கதான், ஆனா விதி அப்படி," என்றார் நூலகர். அவர் குரலிலும் சங்கடம்தான்.

மிச்சமிருந்தது திருட்டு நகல் மட்டும். விளம்பரங்களுக்கு நடுவே நாவல் துண்டு துண்டாகக் கிடந்தது. எழுதியவள் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். புகார் கொடுக்கச் சொன்னார் பேராசிரியை. அவள் கொடுக்கவில்லை. தெருப்பெயர் அதில் அப்படியே இருந்தது.

ஒருநாள் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தளத்தைத் தேடினாள். நாவல் இருந்த பக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அம்மாவிடம் அவள் அதைச் சொல்லவே இல்லை.