மூடிய ஐஸ்பெட்டி

மும்பை முலுண்டில் லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறினால், மூவர் உட்காரும் சீட்டில் நாலாவதாக ஒட்டிக்கொள்ள இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அப்படிச் சில மாதங்கள் என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்தவர் ஒரு வனவிலங்கு டாக்டர். தாராவியில் வீடு, முலுண்டை ஒட்டிய காட்டில் வேலை. ஒல்லியான உடம்பு, காட்டுச் சேறு அப்பிய பூட்ஸ், மடியில் ஒரு நீல ஐஸ்பெட்டி. எவ்வளவு நெரிசலிலும் அதை மேலே ரேக்கில் வைக்க மாட்டார்.

ஒருநாள் அவருக்குக் கடும் இருமல். எங்கள் ரயில் சிநேகிதிகளுக்குள் சுண்டலும் கைமாறும், மாத்திரையும் கைமாறும். எதிர் சீட்டு மாமி தன் பையிலிருந்து ஆண்டிபயாடிக் அட்டையை எடுத்து நீட்டினார்.

"எனக்கு மிச்சமானது. ரெண்டு போட்டுக்கோம்மா."

"வெறும் சளிதான் மாமி, தானா போயிரும்." டாக்டர் பெட்டியைத் தொட்டுக் காட்டினார். "இதுல அடிபட்ட மானோட சீழ் இருக்கு. போன டெஸ்ட்ல இந்த மாத்திரை அதுக்குக் கேக்கல."

"காட்டு மானுக்கு யார் மாத்திரை கொடுத்தா?" என்றேன்.

"யாரும் கொடுக்கலக்கா. நாம கண்டபடி முழுங்கி, மருந்துக்கு அடங்காத கிருமிய வளத்து வச்சிருக்கோம். அது சாக்கடையோட காட்டோரம் வரைக்கும் போவுது. மான் அந்தத் தண்ணியத்தான் குடிக்குதுல்லா."

"அப்போ அதோட கதி?" என்றார் மாமி.

"இன்னும் ஒரு மருந்து பாக்கி இருக்கு. அதாவது கேக்குதான்னு பாக்கத்தான் லேபுக்குக் கொண்டுபோறேன்."

மாமி அட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த மருந்து கேட்டதா என்று எனக்குத் தெரியாது; பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பெட்டி இறுக்கி மூடித்தான் இருந்தது. ஆனாலும் அன்று மாட்டுங்காவில் இறங்கும் வரை, ஒவ்வொரு முறை இருமும்போதும் அதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.